தெருவின் தாள்களும் வரலாறே

நுழையும்முன்

மன்னர்களின் ஆட்சியைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. நாட்டின் விடுதலைப் போராட்டத்தை நூல்கள் சொல்கின்றன. ஒரு நகரத்தின் தெருக்களில் நிகழ்ந்த அரசியலைச் சொல்பவை எவை? மன்றத்தின் தீர்மானம், தெருமுனையில் கொடுக்கப்பட்ட துண்டறிக்கை, குடிநீர் கேட்டு எழுதிய மனு, சங்கத்தின் வரவு செலவுக் குறிப்பேடு ஆகியவையே அவை. அவற்றைக் காப்பது யாருடைய கடமை? எவற்றையெல்லாம் காக்க வேண்டும்? சென்னை மாநகரை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஓர் அணாத் தீர்மானம்

1920 ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி மன்றத்தின்முன் ஒரு சிறிய கருத்துரு வைக்கப்பட்டது. ஆயிரம் விளக்குப் பகுதியில் இயங்கிவந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கலாம் என்பதே அது. அப்போது மன்றத்தின் தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். அப்பள்ளியில் பயில்வோர் ஏழைப் பிள்ளைகள் என்பதும், வறுமையால் மாணவர் எண்ணிக்கை குன்றுகிறது என்பதும் கருத்துருவுக்கு அடிப்படையாயின. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிடலாம் என மன்றம் ஒப்புதல் அளித்தது. ஓர் அணா என்பது ஒரு ரூபாயில் 16 இல் ஒரு பங்கு.

அத்திட்டம் பின்னர் மேலும் 4 பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. 1922-23 இல் 811 ஆக இருந்த அப்பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை, 1924-25 இல் 1671 ஆக உயர்ந்தது. ஆயினும், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்வதற்கு அன்றைய அரசு இசையவில்லை. அதனால் 1925 இல் திட்டம் நின்றுபோயிற்று. பல ஆண்டுகளுக்குப் பின்னர்த் தமிழகம் முழுவதும் பரவிய பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கு முன்னோடியாக அமைந்தது அந்த ஓர் அணாத் தீர்மானமே.

இச்செய்திகள் இன்று எவ்வாறு தெரியவருகின்றன? மன்றத்தில் நடந்ததை ஒருவர் எழுதி வைத்தார். எழுதியதை அச்சிட்டுக் கட்டினர். கட்டிய ஏட்டைப் பழந்தாள் வணிகரிடம் எடைக்குப் போடாமல் பலர் காத்துவந்தனர். இவற்றுள் ஏதேனும் ஒன்று தவறியிருந்தால், ஒரு நகர மன்றம் தன் ஏழைப் பிள்ளைகளின் பசியைப் பற்றிச் சிந்தித்தது என்னும் உண்மையே மறைந்திருக்கும். ஒரு தாள் அழியும்போது எழுத்து மட்டும் அழிவதில்லை. இவ்வாறும் செய்ய இயலும் என்று வருங்காலத்துக்கு வழிகாட்டும் சான்றும் உடன் அழிகிறது.

நகரின் நெடிய நினைவு

இந்தியாவிலேயே பழைமையான மாநகராட்சி சென்னை மாநகராட்சி ஆகும். கிழக்கிந்தியக் குழுமத்தின் பட்டயத்தின்படி 1688 செப்டம்பர் 29 அன்று அது செயற்படத் தொடங்கியது. இன்று அது இயங்கும் ரிப்பன் மாளிகை 1913 இல் திறக்கப்பட்டது. 1933 இல் மன்றத் தலைவர் என்னும் பதவி மேயர் என மாறியது. ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஜெ. சிவசண்முகம் பிள்ளை 1937 இல் அப்பதவியை ஏற்றார். 1956 இல் தாரா செரியன் சென்னையின் முதல் பெண் மேயரானார்.

நகரின் அரசியல் மன்றத்துக்குள் மட்டும் நிகழ்ந்ததன்று. 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை உறுப்பினராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி. பி. வாடியா அதன் தலைவராகவும் திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத் தலைவராகவும் விளங்கினர். 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னையில் மே நாள் கூட்டத்தை நடத்தினார். இந்தியாவில் மே நாள் கொண்டாடப்பட்டது அதுவே முதல்முறை.

உள்ளூர் அரசியல் சிறியது, அதனால் வரலாற்றில் இடம்பெறத் தகாதது என்று கருதுவோர் உண்டு. இக்கருத்து பொருந்தாது. தந்தை பெரியார் ஈரோடு நகராட்சியின் தலைவராகப் பணியாற்றியவர். இராஜாஜி சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தவர். வல்லபாய் படேல் அகமதாபாத் நகராட்சிக்கும், ஜவகர்லால் நேரு அலகாபாத் நகராட்சிக்கும் தலைமை ஏற்றவர்கள். சாக்கடையும் குடிநீரும் தெருவிளக்கும் பற்றிய விவாதங்களிலேயே அவர்கள் ஆட்சியின் முதற்பாடத்தைக் கற்றனர். அவ்விவாதங்களைப் பதிவு செய்த ஏடுகளைப் புறக்கணித்துவிட்டு நாட்டின் வரலாற்றை முழுமையாக எழுதிவிட முடியாது.

நூலகமும் ஆவணக்காப்பகமும்

நூலகத்தில் ஒரு நூல் தொலைந்தால் அதன் வேறொரு படியை வாங்கி வைக்கலாம். ஆவணக்காப்பகத்தில் உள்ள தாளுக்கோ பெரும்பாலும் வேறு படி இல்லை. ஆகவே நூலகர் நூல்களைப் பொருள்வாரியாக அடுக்குகிறார். ஆவணக் காப்பாளரோ ஓர் அலுவலகத்திலிருந்து வந்த தாள்களை அவை வந்த வரிசையிலேயே வைக்கிறார். மனு முன்னும், அதன்மேல் எழுதிய குறிப்பு அடுத்தும், இறுதி ஆணை அதற்கடுத்தும் இருந்தால்தான் ஒரு முடிவு எவ்வாறு பிறந்தது என்பது விளங்கும். வரிசை குலைந்தால் பொருளும் குலையும்.

சென்னை எழும்பூரில் 1909 ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் தமிழ்நாடு ஆவணக்காப்பகம் இத்தகைய பணியைச் செய்துவருகிறது. ஆங்கிலேயர் கால ஆட்சிக் கோப்புகளுடன் டச்சு மொழியில் எழுதப்பட்ட பழைய ஏடுகளும் அங்குள்ளன. தனிமனித முயற்சிக்குச் சான்றாக விளங்குவது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் நூல்களையும் இதழ்களையும் தேடித் திரட்டினார். பிறர் வேண்டாம் என ஒதுக்கிய துண்டறிக்கைகளையும் நாடக விளம்பரத் தாள்களையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை. அவர் மறைந்தபின் அத்தொகுப்பு சிதறாமல் காக்கப்பட்டு, இன்று சென்னையில் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது.

அரசின் கோப்பு அரசு கண்ட நகரத்தைக் காட்டும். அச்சிட்ட நூல் எழுத வல்லோர் கண்ட நகரத்தைக் காட்டும். குடிசைப் பகுதியில் வாழ்ந்தோரும் தெருவோர வணிகரும் துப்புரவுப் பணியாளரும் கண்ட நகரம் இவ்விரண்டிலும் போதிய இடம் பெறுவதில்லை. ஓர் அணாத் தீர்மானத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒப்புதல் அளித்த மன்றத்தின் குரல் ஏட்டில் இருக்கிறது. அந்தச் சிற்றுண்டியைச் சமைத்தவர், அதனை உண்ட சிறுவர், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தாய் ஆகியோரின் சொற்களை அந்த ஏட்டில் எதிர்பார்க்க இயலாது.

மன்றம் கூடாத ஆண்டுகள்

இக்குறை எவ்வளவு பெரியது என்பதைச் சென்னையின் அண்மைக்கால வரலாறே உணர்த்தும். 1973 இல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடைபெற்றது 1996 இல்தான். இடைப்பட்ட 23 ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றித் தனி அலுவலர்களே மாநகராட்சியை நிருவகித்தனர். 1973 இல் 5 வயதில் பள்ளியில் சேர்ந்த ஒரு குழந்தை, 28 வயதை எட்டிய பின்னரே தன் வட்டத்தின் உறுப்பினருக்கு முதன்முறையாக வாக்களித்திருக்க முடியும். மீண்டும் 2016 இல் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின் 2022 வரை தேர்தல் நடைபெறவில்லை.

மன்றம் இருக்கும் காலத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, தம் வட்டத்தில் 3 நாளாகக் குடிநீர் வரவில்லை என்று பேசினால் அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். நூறாண்டுகள் கழித்தும் ஒருவர் அதனைப் படிக்கலாம். மன்றமே இல்லாத காலத்தில் அத்துயரம் எங்கே பதிவாகும்? அலுவலகத்தின் ஆணைகள் இருக்கும். ஆணைக்கு முன் எழுந்த மக்கள் குரல் இருக்காது. மக்களாட்சி ஓய்ந்திருந்த ஆண்டுகளில்தான் அரசு ஏடுகளும் மக்களைப் பற்றிக் குறைவாகப் பேசும். அந்த ஆண்டுகளின் வரலாற்றை அறிய வேண்டுமெனில், குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டக் குறிப்புகளையும், அங்காடி வணிகர்களின் மனுக்களையும், கட்சிகளின் தெருமுனைக் கூட்டத் துண்டறிக்கைகளையும், உள்ளூர் இதழ்களையுமே நாட வேண்டும். அவற்றை வைத்திருப்போர் முதியவர்கள். அவர்கள் மறைந்தபின் வீட்டைத் தூய்மை செய்வோர் முதலில் வெளியேற்றுபவை அத்தாள்களாகவே இருக்கின்றன. ஆதலின் இப்பணி காலத்தோடு போட்டியிடும் பணியாகும்.

பெல்பாஸ்டு நகரம் கற்பிக்கும் பாடம்

தெருவில் கிடைக்கும் தாளை ஒரு நகரம் எவ்வாறு வரலாறாக்கலாம் என்பதற்கு வட அயர்லாந்தின் தலைநகரான பெல்பாஸ்டு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு 1788 இல் நிறுவப்பட்ட லினன் ஹால் நூலகம் இன்றும் இயங்குகிறது. 1968 இல் குடியுரிமை இயக்கத்தின் துண்டறிக்கை ஒன்று அந்நூலகரின் கையில் தரப்பட்டது. படித்துவிட்டு எறிய வேண்டிய தாள் என அவர் அதனைக் கருதவில்லை. நூலகத்தில் எடுத்து வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததே அந்நூலகத்தின் அரசியல் தொகுப்பு. நூல்கள், துண்டறிக்கைகள், சுவரொட்டிகள், சட்டையில் அணியும் சின்னங்கள் என 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இன்று அதில் உள்ளன.

அந்த ஆண்டுகளில் பெல்பாஸ்டு அமைதியான நகரமாக இருக்கவில்லை. 1998 இல் அமைதி உடன்பாடு ஏற்படும்வரை நீடித்த மோதலில் 3500 பேருக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எதிரெதிர்த் தரப்பினர் ஒரே தெருவில் நின்று பேசவும் அஞ்சிய காலம் அது. அந்நூலகம் எல்லாத் தரப்பினரின் தாள்களையும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்தது. அரசின் அறிக்கையும், அரசை எதிர்த்தோரின் அறிக்கையும், இருவரையும் மறுத்தோரின் அறிக்கையும் அங்கு அடுத்தடுத்து உள்ளன. ஒருவரின் தாளை ஏற்று மற்றவரின் தாளை மறுத்திருந்தால் அது காப்பகமாக இருந்திராது. ஒரு தரப்பின் அலுவலகமாகச் சுருங்கியிருக்கும்.

சென்னைக்கும் பிற தமிழக நகரங்களுக்கும் இப்பாடம் பொருந்தும். தேர்தலில் வென்றவரின் வாழ்க்கை வரலாறு எப்படியேனும் எழுதப்பட்டுவிடும். தோற்றவர் தம் வட்டத்துக்கு என்ன செய்வதாகச் சொன்னார் என்பதைச் சொல்லும் துண்டறிக்கைதான் எளிதில் மறையும். அவர் சொன்ன திட்டமே 20 ஆண்டுகளுக்குப் பின் தேவைப்படலாம். எனவே வெற்றி தோல்வி பாராமலும் கட்சி பாராமலும் திரட்டுவதே காப்பகத்தின் முதல் நெறியாக அமைதல் வேண்டும்.

எழும் மறுப்புகள்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். சாலைக்கும் மருத்துவமனைக்கும் பணம் போதாத நிலையில், பழைய தாள்களுக்குச் செலவிடுவது தகுமா என்பது முதல் மறுப்பு. இவ்வினா நேர்மையானது. ஆயினும், முன்னர் எங்கே கால்வாய் இருந்தது, எந்த ஏரி எந்த ஆண்டில் வீட்டுமனையாயிற்று, அதனை எதிர்த்து யார் மனுக் கொடுத்தனர் என்பவற்றை அறியாத நகரம், வெள்ளம் வரும்போதெல்லாம் அதே பிழைக்கு மீண்டும் விலை கொடுக்கிறது. ஆவணத்தைக் காக்கும் செலவு, அப்பிழைகளைத் தவிர்ப்பதற்கான செலவும் ஆகும்.

பழைய பகைகளைக் கிளறுவதால் நன்மை உண்டா என்பது இரண்டாம் மறுப்பு. ஆவணம் இல்லாத இடத்தில் பகை மறைவதில்லை. வதந்தி அந்த இடத்தை நிரப்புகிறது. அவர் அன்று அப்படிச் சொன்னார் என்னும் பேச்சு, சொன்ன தாள் கையில் இருக்கும்போதுதான் முடிவுக்கு வரும். அதே வேளையில் மனுக்களில் எளிய மக்களின் நோயும் கடனும் குடும்பத் துயரும் எழுதப்பட்டிருக்கும். அத்தகைய தாள்களை ஒரு தலைமுறைக் காலம் மூடி வைத்துப் பின்னர்த் திறப்பதே முறை. திறந்து வைத்தலைப் போலவே உரிய காலம்வரை மூடி வைத்தலும் காப்பகத்தின் அறமாகும்.

எல்லாவற்றையும் ஒளிப்படம் எடுத்துக் கணினியில் சேர்த்துவிட்டால் தாள்கள் எதற்கு என்பது மூன்றாம் மறுப்பு. மின்னுருவாக்கம் மிகவும் வேண்டப்படுவதே. தொலைவில் உள்ள மாணவரும் ஆவணத்தைக் காண அதுவே வழி. ஆனால் வன்தட்டு பழுதாகும். கோப்பு வடிவங்கள் மாறும். பத்தாண்டுகளுக்கு முன் சேமித்த குறுந்தகட்டைப் படிக்கும் கருவியே இன்று பல வீடுகளில் இல்லை. எதனை, எப்போது, எங்கிருந்து பெற்றோம் என்னும் குறிப்பின்றிச் சேர்க்கப்பட்ட ஆயிரம் படங்கள், முகவரியில்லாத ஆயிரம் கடிதங்களுக்கு ஒப்பாகும். ஆகவே மூலத்தையும் காக்க வேண்டும். படியையும் எடுக்க வேண்டும். அட்டவணையும் அமைக்க வேண்டும்.

காக்கும் முறை

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழால் ஆன தாள் பெருவழக்காயிற்று. மலிவான அத்தாளில் உள்ள அமிலத்தன்மை அதனைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்கிறது. துண்டறிக்கைகளும் நாளிதழ்களும் இத்தகைய தாளிலேயே அச்சிடப்பட்டன. கடற்கரை நகரத்தின் ஈரக்காற்றும் வெப்பமும் அச்சிதைவை விரைவுபடுத்துகின்றன. கறையானும் இராமபாணப் பூச்சியும் எஞ்சியதை உண்கின்றன.

எளிய முறைகளே பெரும்பயன் தரும். தாளை வெயிலிலும் ஈரத்திலும் படாமல் வைத்தல் வேண்டும். துருப்பிடிக்கும் குண்டூசியையும் கம்பியையும் நீக்குதல் வேண்டும். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடாவை ஒட்டக் கூடாது. அதன் பசை நாளடைவில் தாளைக் கறையாக்கும். நெகிழி உறையை வெப்பத்தால் ஒட்டி மூடுதலும் கூடாது. ஒட்டிய பின்னர் அதனைப் பிரித்தல் அரிது. தாளின் பின்புறத்தில் மையால் எழுதுவதற்கு மாறாக, தனித்தாளில் நாள், இடம், கொடுத்தவர், கிடைத்த சூழல் ஆகியவற்றைக் குறித்து உடன் வைக்கலாம். எழுத்தில் வராத நினைவுகளை முதியவர்களின் ஒப்புதலோடு ஒலிப்பதிவு செய்யலாம். இதனை வாய்மொழி வரலாறு என்பர்.

கணக்குக் காட்டும் மரபு

இவையெல்லாம் தமிழர்க்குப் புதியன அல்ல. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஊராட்சித் தேர்தலின் விதிகளைக் கோயிற் சுவரில் பொறித்து வைத்துள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டுக் குடவோலை முறையில் வாரிய உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். முன்னர்ப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. நிலமும் கல்வியும் உடையோர்க்கே இடமளித்த அம்முறை, இன்றைய மக்களாட்சிக்கு நிகரானது அன்று. எனினும் விதியை எழுதி வைத்தல், எழுதியதைப் பலரும் காணும் இடத்தில் வைத்தல், கணக்கைக் கேட்டல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அச்சுவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி நிற்கிறது.

2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இதனையே வலியுறுத்துகிறது. பொது அதிகார அமைப்பு ஒவ்வொன்றும் தன் ஆவணங்களை முறையாக அட்டவணைப்படுத்திப் பேண வேண்டும் என்கிறது அச்சட்டம். காரணம் வெளிப்படை. கேட்கும் உரிமை இருந்தும், கேட்கப்பட்ட கோப்பு கறையானுக்கு இரையாகிவிட்டால் அவ்வுரிமையால் பயனில்லை.

ஆகவே ஒவ்வொரு மாநகராட்சியும் நகராட்சியும் தன் கட்டடத்தில் ஓர் அறையையேனும் உள்ளூர் ஆவணக்காப்பகமாக ஒதுக்க வேண்டும். அங்குப் பயிற்சி பெற்ற காப்பாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். மன்றத்தின் ஏடுகளோடு மக்களின் தாள்களும் அதில் இடம்பெற வேண்டும். எக்கட்சி ஆட்சிக்கு வரினும் அதன் பூட்டும் சாவியும் கட்சியின் கைக்குப் போகாதவாறு விதி அமைய வேண்டும். பள்ளி மாணவர் உட்பட யார் வந்து கேட்டாலும் ஆவணத்தைக் காட்டும் மேசை ஒன்று அங்கே இருத்தல் வேண்டும்.

மன்றத்தின் ஏட்டில் இருந்ததால் ஓர் அணாத் தீர்மானம் பிழைத்தது. அந்த அளவு நல்வாய்ப்பு எல்லாத் தாள்களுக்கும் கிடைப்பதில்லை. குடும்ப அட்டைக்காகத் தாத்தா எழுதிய மனுவின் படியோ, தண்ணீர்க் குழாய் கேட்டுத் தெருவார் கையொப்பமிட்ட தாளோ இன்றும் ஏதோ ஒரு வீட்டின் பரணில் இருக்கக்கூடும். பழைய தாள்களை எடைக்குப் போடும் நாளில், அக்கட்டை ஒருமுறை பிரித்துப் பார்க்கும் மாணவர் ஒருவர் அவ்வீட்டில் இருந்தால், அத்தெருவின் வரலாறு தப்பிப் பிழைக்கும்.